மேடிசன் கவுண்டியில் வீடு: யு.எஸ்.டி.ஏ, எஃப்.எச்.ஏ, வி.ஏ கடன்களில் எது யாருக்கு?

பென்டன்வில், ரோஜர்ஸ் பக்கம் வீட்டு விலை ஏறிய ஏற்றத்தில், வடமேற்கு ஆர்கன்சாவில் இருக்கும் நம் குடும்பங்கள் சில கிழக்கே மேடிசன் கவுண்டியைப் பார்க்கத் தொடங்கியிருக்கின்றன. ஓசார்க் மலைச்சரிவு, ஓர் ஏக்கர் இரண்டு ஏக்கர் மனை, பக்கத்து வீடு கண்ணுக்குத் தெரியாத தூரம். அங்கே வீடு பார்த்தவர்கள் கேட்கும் கேள்வி அநேகமாக ஒன்றுதான்: "ஒரு லோன் ஆபீசர் யு.எஸ்.டி.ஏ-வில் போனால் கையிலிருந்து பணமே வேண்டாம் என்கிறார். இன்னொருவர் அது இழுத்தடிக்கும், எஃப்.எச்.ஏ-வே போதும் என்கிறார். யாரை நம்புவது?"

இரண்டு பேர் சொல்வதும் உண்மைதான். யு.எஸ்.டி.ஏ என்பது அமெரிக்க வேளாண் துறை, எஃப்.எச்.ஏ என்பது அரசின் வீட்டுவசதி நிர்வாகம், வி.ஏ என்பது முன்னாள் ராணுவத்தினர் துறை. இவை பின்னால் நிற்கும் வீட்டுக் கடன்களைத்தான் இந்தப் பெயர்களால் சொல்கிறோம். எது உங்களுக்குப் பொருந்தும் என்பது உங்கள் விசா, குடும்ப வருமானம், பிறகு அந்த வீட்டின் கிணறும் செப்டிக் டேங்கும் எப்படி இருக்கின்றன என்பதைப் பொறுத்தது. மேடிசன் கவுண்டியை முன்வைத்து எழுதுகிறேன். கடன் விதிகள் நாடு முழுவதற்கும் பொது என்பதால் வேறு கிராமப்புறக் கவுண்டியில் இருப்பவர்களுக்கும் பெரும்பகுதி பொருந்தும். இங்கே கவுண்டியின் தலைநகர் பெயர் ஹண்ட்ஸ்வில். நம் ஆட்கள் நிறைய இருக்கும் அலபாமா ஹண்ட்ஸ்வில் வேறு, இது மூவாயிரம் பேர்கூட இல்லாத சிற்றூர்.

## எதை வைத்து எடை போடுவது

ஐந்து கேள்விகள். ஒன்று, இந்தக் கடனுக்கு விண்ணப்பிக்கவே உங்களுக்குத் தகுதி உண்டா? இரண்டு, சாவி கைக்கு வந்த மறுநாள் உங்கள் வங்கிக் கணக்கில் எவ்வளவு மிஞ்சும்? மூன்று, மாதம் எவ்வளவு கட்ட வேண்டும், அதில் காப்புக் கட்டணம் (நீங்கள் கட்டாமல் போனால் கடன் கொடுத்தவரின் இழப்பை ஈடுகட்ட உங்களிடம் வாங்குவது) எத்தனை வருடம் கூடவே வரும்? நான்கு, நீங்கள் பார்த்திருக்கும் வீட்டையும் நிலத்தையும் அந்தத் திட்டம் ஏற்குமா? ஐந்து, சில வருடங்களில் விற்க வேண்டி வந்தால் என்ன ஆகும்?

நகரத்தில் வாங்குகிறவருக்கு மூன்றாவது கேள்வி பெரிது. கிராமப்புறத்தில் நான் இரண்டாவதற்குத்தான் அதிக எடை கொடுப்பேன். நகராட்சிக் குழாயும் கழிவுநீர்க் கால்வாயும் இல்லாத இடத்தில் போர் மோட்டார் எரிந்தாலும், செப்டிக் நிரம்பி வழிந்தாலும், மழையில் கப்பி ரோடு அரித்துப் போனாலும் செலவு முழுக்க உங்களுடையது. கையில் இருந்த எல்லாவற்றையும் டவுன் பேமென்டில் கொட்டிவிட்டு அப்படி ஒரு வீட்டுக்குக் குடிபோவது ஆபத்து.

## முதல் வாசல்: விசா

மற்றதையெல்லாம் கணக்குப் போடுவதற்கு முன் இதைப் பாருங்கள். பல பேர் வீடு பார்த்து, மனதைக் கொடுத்துவிட்டு, கடைசியில் இங்கேதான் முட்டிக்கொள்கிறார்கள்.

யு.எஸ்.டி.ஏ கடன் குடிமக்களுக்கும் கிரீன் கார்டு உள்ளவர்களுக்கும், அகதி நிலை போன்ற சில வகையினருக்கும் மட்டுமே. எச்-1பி வேலை விசாவில் இருப்பவருக்குக் கிடையாது. ஐ-140 என்ற கிரீன் கார்டு மனு ஒப்புதலாகி வருடக்கணக்கில் வரிசையில் நிற்பவருக்கும் கிடையாது, அந்த ஒப்புதல் கிரீன் கார்டு ஆகாது.

எஃப்.எச்.ஏ-வில் முன்பு எச்-1பி காரர்களும் வாங்கினார்கள். அந்தக் கதவு 2025 மே 25-ஆம் தேதியோடு மூடிவிட்டது. அன்றிலிருந்து பதிவாகும் கடன்களில் நிரந்தர வசிப்புரிமை இல்லாதவர்கள் என்ற பிரிவையே நீக்கிவிட்டார்கள். விதிவிலக்கு மார்ஷல் தீவுகள், மைக்ரோனேஷியா, பலாவ் நாட்டுக் குடிமக்கள். ஸ்பிரிங்டேலில் மார்ஷல் தீவு மக்கள் பெருந்திரளாக வசிப்பதால், "அவர்களுக்கு மட்டும் எப்படி?" என்ற கேள்வி இந்தப் பகுதியில் எழும். அந்த நாடுகளோடு அமெரிக்காவுக்குத் தனி ஒப்பந்தம் இருக்கிறது. பழைய யூடியூப் வீடியோவைப் பார்த்துவிட்டு "எச்-1பி-க்கும் எஃப்.எச்.ஏ உண்டு" என்று நம்பி அட்வான்ஸ் கொடுத்துவிடாதீர்கள்.

ஆக, எச்-1பி என்றால் உங்களுக்கு வழி சாதாரண வங்கிக் கடன்தான். வங்கிகளிடமிருந்து வீட்டுக் கடன்களை வாங்கிக்கொள்ளும் ஃபேனி மே, ஃப்ரெடி மேக் நிறுவனங்களின் விதிகள் சட்டப்படி வசிக்கும் விசாக்காரர்களை ஏற்கின்றன. கீழே ஒப்பீட்டுக்காக அதையும் சேர்த்திருக்கிறேன்.

கணவன், மனைவி இருவரில் ஒருவருக்கு மட்டும் கிரீன் கார்டு இருந்தால், அவர் பெயரில் மட்டும் கடன் எடுக்கலாம். அப்படி எடுக்கும்போது கவனிக்க இரண்டு விஷயங்கள். யு.எஸ்.டி.ஏ-வில் கடனில் பெயர் இல்லாத துணைவரின் சம்பளமும் குடும்ப வருமான வரம்புக்குக் கணக்கில் வரும். ஆனால் மாதத் தவணையைத் தாங்க முடியுமா என்று பார்க்கும்போது கடனாளியின் சம்பளத்தை மட்டுமே எடுப்பார்கள். இரண்டு பக்கமும் இறுக்கும். அடுத்தது, டெக்சஸ், கலிஃபோர்னியா போன்ற மாநிலங்களில் அரசுக் கடன் எடுக்கும்போது துணைவரின் கடன்களும் உங்கள் கணக்கில் ஏறும். ஆர்கன்சா அந்த வகை மாநிலம் இல்லை. ஆனாலும் இங்கே துணைவருக்கு வீட்டில் சட்ட உரிமை உண்டு என்பதால், குளோசிங் நாளில், அதாவது கையெழுத்தாகி வீடு கைமாறும் நாளில், அவரும் வந்து கையெழுத்துப் போட வேண்டியிருக்கும்.

## யு.எஸ்.டி.ஏ உத்தரவாதக் கடன்

வேளாண் துறையின் கடன் என்றதும் விவசாயிகளுக்கு என்று நினைத்துவிடுகிறார்கள். இல்லை. கிராமப்புறத்தில் வீடு வாங்கும் எவருக்கும் உரியது. பணம் கொடுப்பது வழக்கமான வங்கிதான், அது திரும்பி வராமல் போனால் இழப்பின் பெரும்பகுதியைத் தாங்குவதாக அரசு உத்தரவாதம் தருகிறது. அதற்குக் கட்டணமாக முதலில் 1 சதவீதம், பிறகு ஆண்டுக்கு 0.35 சதவீதம். 30 ஆண்டு நிலையான வட்டி மட்டும்தான். டவுன் பேமென்ட் பூஜ்யம்.

இடத் தகுதி: மக்கள்தொகை 10,000-க்கு உட்பட்ட கிராமத்தன்மை கொண்ட ஊர்கள் பொதுவாக அடங்கும். பெருநகர வட்டாரத்துக்கு வெளியே சில நிபந்தனைகளோடு 20,000 வரை, பழைய தகுதி தொடரும் சில இடங்களில் 35,000 வரை போகும். மேடிசன் கவுண்டியின் மொத்த மக்கள்தொகையே 2020 கணக்கெடுப்பில் 16,521. எனவே இங்கே இடப் பிரச்சினை இல்லை. பென்டன், வாஷிங்டன் கவுண்டிகளின் ஓரங்களில் பார்ப்பவர்கள்தான் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும், கோடு எங்கே போகிறது என்பதை யு.எஸ்.டி.ஏ இணையதள வரைபடத்தில் முகவரியைப் போட்டுப் பார்த்துவிடுங்கள்.

வருமான வரம்பு: வட்டாரத்தின் நடுநிலை வருமானத்தில் 115 சதவீதம். 2025-இல் நாட்டின் பெரும்பாலான கவுண்டிகளுக்கு அடிப்படை வரம்பு 4 பேர் வரையுள்ள குடும்பத்துக்கு 119,850 டாலர், 5 முதல் 8 பேருக்கு 158,250 டாலர். ஒருவர் வேலை பார்க்கும் குடும்பங்கள் பல இதற்குள் வந்துவிடும். இருவரும் ஐ.டி-யில் இருந்தால் வர வாய்ப்பில்லை.

இங்கே தெரிந்துகொள்ள வேண்டிய நல்ல செய்தி, கணக்கிடுவது மொத்தச் சம்பளத்தை மட்டும் வைத்து அல்ல. 12 வயது வரையிலான குழந்தைகளுக்கு வேலைக்குப் போவதற்காகக் கட்டும் டேகேர் செலவைக் கழிக்கலாம். ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு சிறு தொகை கழியும். வரம்பைவிடக் கொஞ்சம் அதிகம் என்று தெரிந்ததும் விட்டுவிடாதீர்கள், இரண்டு குழந்தைகளின் டேகேர் ரசீது போதும், உள்ளே வந்துவிடலாம். மறுபக்கம், கிரீன் கார்டில் வந்து கூடவே தங்கியிருக்கும் அப்பாவோ அம்மாவோ கடையில் பகுதிநேர வேலை பார்த்தால் அந்த வருமானமும் சேரும்.

தவணை வரம்பு கொஞ்சம் கறாரானது. வீட்டுச் செலவு மாத வருமானத்தில் 29 சதவீதம், எல்லாக் கடன்களும் சேர்த்து 41 சதவீதம் என்பது வழக்கமான அளவு. கிராமத்தில் இரண்டு கார் இல்லாமல் முடியாது, அந்த இரண்டு கார் தவணையும் இந்த 41-க்குள் அடங்க வேண்டும். சென்னையிலோ கோவையிலோ ஓடிக்கொண்டிருக்கும் வீட்டுக் கடன் தவணையையும் விண்ணப்பத்தில் சொல்லியாக வேண்டும். அமெரிக்க கிரெடிட் அறிக்கையில் வராது என்பதற்காக மறைப்பது கூட்டாட்சிச் சட்டப்படி குற்றம்.

இன்னொரு வசதி பலருக்குத் தெரியாது. வீட்டின் மதிப்பீடு நீங்கள் பேசிய விலையைவிட அதிகமாக வந்தால், அந்த வித்தியாசத்துக்குள் குளோசிங் காஸ்டையும் கடனில் சேர்த்துக்கொள்ளலாம். எஃப்.எச்.ஏ-வில் அப்படி முடியாது.

மறைந்திருக்கும் விலை நேரம். வங்கி ஒப்புதல் கொடுத்த பிறகு கோப்பு யு.எஸ்.டி.ஏ-வின் ரூரல் டெவலப்மென்ட் அலுவலகத்துக்குப் போய், அங்கே உறுதிக் கடிதம் வாங்கித் திரும்ப வேண்டும். அலுவலகத்தில் வேலை தேங்கினால் நாட்கள் கூடும். 2025 அக்டோபர் 1 முதல் நவம்பர் 12 வரை அரசு முடங்கியபோது புதிய உறுதிக் கடிதங்கள் நின்றுபோயின. எனவே செப்டம்பர் கடைசியில் குளோசிங் வைக்கும் ஒப்பந்தத்தில் நாள் நீட்டிப்புக்கு ஒரு வரி சேர்த்துக்கொள்வது நல்லது.

## யு.எஸ்.டி.ஏ நேரடிக் கடன்

இதில் வங்கியே கிடையாது, அரசே கடன் கொடுக்கிறது. வருமானம் வட்டார நடுநிலையில் 80 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும், வேறு எங்கும் நியாயமான கடன் கிடைக்காத நிலையும் இருக்க வேண்டும். 33 ஆண்டுத் தவணை, இன்னும் குறைந்த வருமானம் என்றால் 38 ஆண்டு. மாதக் காப்புக் கட்டணம் இல்லை. குடும்பத்தின் நிலையைப் பார்த்துத் தரும் உதவியால், நீங்கள் கட்டும் வட்டி 1 சதவீதம் வரைகூட இறங்கலாம். மோட்டலிலோ பெட்ரோல் பங்கிலோ வேலை பார்த்துக் குடும்பம் நடத்துகிறவர்களும், மருத்துவமனையில் உதவியாளராக இருப்பவர்களும் இதை அவசியம் விசாரிக்க வேண்டும். "நமக்கெல்லாம் யார் கடன் கொடுப்பார்கள்" என்று வாடகையிலேயே இருந்துவிடுகிறவர்களுக்காகவே இருக்கும் திட்டம் இது.

வீடு பொதுவாக 2,000 சதுர அடிக்குள் இருக்க வேண்டும். ஒதுக்கீட்டுப் பணம் இருக்கும்போதுதான் கோப்பு நகரும், காத்திருக்கத் தயாராக இல்லாத விற்பனையாளர் வேறு ஆளைப் பார்த்துப் போய்விடலாம். வட்டியில் கிடைத்த உதவியின் ஒரு பகுதியை, வீட்டை விற்கும்போதோ அங்கே குடியிருப்பதை விடும்போதோ திருப்பிக் கட்ட வேண்டியும் வரலாம். பெற்ற உதவி, வீட்டு மதிப்பு உயர்வில் ஒரு பங்கு, இரண்டில் எது குறைவோ அது. மதிப்பு உயராவிட்டால் அந்தச் சுமை இல்லை. கையெழுத்துப் போடும்போதே இதைப் புரிந்துகொண்டால் பிறகு அதிர்ச்சி இருக்காது.

## எஃப்.எச்.ஏ

1934-இல் பெருமந்தக் காலத்தில் வந்த திட்டம். வருமான வரம்பு இல்லை, ஊர் வரம்பும் இல்லை. கிரெடிட் ஸ்கோர் 580 இருந்தால் 3.5 சதவீதம் டவுன் பேமென்ட், 500 முதல் 579 வரை என்றால் 10 சதவீதம். விதி இப்படி இருந்தாலும் வங்கிகள் தங்கள் பங்குக்கு ஸ்கோரை உயர்த்திக் கேட்பது வழக்கம்.

முன்கட்டணம் 1.75 சதவீதம், கடனில் சேர்த்துக்கொள்ளலாம். ஆண்டுக் காப்புக் கட்டணம் பெரும்பாலோருக்கு 0.55 சதவீதம். 10 சதவீதத்துக்குக் குறைவாக டவுன் பேமென்ட் போட்டால் இந்தக் கட்டணம் கடன் முடியும்வரை போகாது. 10 சதவீதமோ மேலேயோ போட்டால் 11 ஆண்டுகளில் நிற்கும். தப்பிக்க ஒரே வழி பிறகு வேறு கடனுக்கு மாறுவது, அதற்கு வட்டி குறைந்திருக்க வேண்டும்.

டவுன் பேமென்ட் முழுவதையும் குடும்பத்தார் அன்பளிப்பாகக் கொடுக்கலாம். ஊரிலிருந்து அப்பா அனுப்பும் பணமும் செல்லும், ஆனால் அன்பளிப்புக் கடிதமும், அவர் கணக்கிலிருந்து உங்கள் கணக்குக்கு வந்த தடமும் வேண்டும். இந்தியப் பக்கம் ஒரு நிதியாண்டில் 10 லட்சம் ரூபாய்க்கு மேல் அனுப்பினால், மேற்பட்ட தொகைக்கு 20 சதவீதம் வரி முன்கூட்டியே பிடித்துவிடுவார்கள். அப்பா வரிக்கணக்கு தாக்கல் செய்து அதைத் திரும்பப் பெறலாம், ஆனால் குளோசிங் நாளுக்குள் வராது. கடைசி வாரத்தில் பணம் அனுப்பச் சொல்லி ஓடவேண்டாம், இரண்டு மாதம் முன்பே வந்து உட்கார்ந்திருந்தால் கேள்விகளும் குறையும்.

எஃப்.எச்.ஏ ஜெயிக்கும் இடங்கள் தெளிவானவை. ஸ்கோர் 600-களின் தொடக்கத்தில் இருப்பவர், வருமான வரம்பைத் தாண்டியவர், நான்கு குடித்தனம் வரை உள்ள கட்டடம் வாங்கி ஒன்றில் குடியிருந்து மற்றவற்றை வாடகைக்கு விட நினைப்பவர், தொழிற்சாலையில் செய்து கொண்டுவந்து நிறுத்திய வீடு வாங்குபவர். கடைசியில் சொன்ன வகை மேடிசன் கவுண்டியில் நிறைய. 1976 ஜூன் 15-க்குப் பிறகு செய்ததாகவும், நிரந்தர அடித்தளத்தில் நிற்பதாகவும் இருக்க வேண்டும்.

## வி.ஏ

ராணுவத்தில் இருந்தவர்களுக்கு 1944-இலிருந்து உள்ள உரிமை. நமக்கு எங்கே என்று தாண்டிப் போய்விடாதீர்கள். விசாவில் இருந்தவர்களையே சேர்த்துக்கொண்ட மாவ்னி திட்டத்தில் ராணுவம் தேடிய மொழிகளில் தமிழும் ஒன்று. அந்த வழியில் போய்க் குடியுரிமை பெற்ற நம் பிள்ளைகள் இருக்கிறார்கள், நேஷனல் கார்டு என்ற பகுதிநேரப் படையில் ஆறு ஆண்டு முடித்தவர்களும் இருக்கிறார்கள்.

தகுதி இருந்தால் யோசிக்கவே வேண்டாம், இதுதான். டவுன் பேமென்ட் இல்லை, மாதக் காப்புக் கட்டணம் இல்லை. முதல் முறை 2.15 சதவீதம் ஒருமுறைக் கட்டணம், அடுத்த முறை 3.3. பணி சார்ந்த உடல்பாதிப்புக்கு உதவித்தொகை பெறுபவருக்கு அதுவும் கிடையாது. முழு உரிமை கைவசம் உள்ளவர்களுக்கு 2020-இலிருந்து கடன் உச்சவரம்பும் இல்லை. தகுதிச் சான்றிதழை முதலில் எடுத்து வையுங்கள்.

## எண்களில்

240,000 டாலர் வீடு, எல்லாவற்றுக்கும் ஒரே 6.5 சதவீத வட்டி, 30 ஆண்டு என்று வைத்துக்கொள்வோம். உண்மையில் வட்டி ஒவ்வொன்றுக்கும் கொஞ்சம் மாறும். சொத்து வரியும் வீட்டுக் காப்பீடும் இதில் சேரவில்லை.

| | யு.எஸ்.டி.ஏ உத்தரவாதம் | எஃப்.எச்.ஏ | வி.ஏ, முதல் முறை | சாதாரணக் கடன், 5% |
|---|---|---|---|---|
| டவுன் பேமென்ட் | 0 | 8,400 | 0 | 12,000 |
| கடனில் சேரும் கட்டணம் | 2,424 | 4,053 | 5,160 | இல்லை |
| மொத்தக் கடன் | 242,424 | 235,653 | 245,160 | 228,000 |
| மாத அசலும் வட்டியும் | 1,532 | 1,489 | 1,550 | 1,441 |
| மாதக் காப்புக் கட்டணம், முதல் ஆண்டு | சுமார் 70 | சுமார் 106 | 0 | ஸ்கோரைப் பொறுத்தது |
| மாதம் மொத்தம் | சுமார் 1,602 | சுமார் 1,595 | 1,550 | 1,441 + காப்பு |
| காப்பு எப்போது நிற்கும் | நிற்காது, குறைந்துகொண்டே வரும் | நிற்காது | கேள்வியே இல்லை | கடன் வீட்டு மதிப்பில் 80% ஆனதும் நிறுத்தக் கேட்கலாம், 78%-இல் தானாக |

யு.எஸ்.டி.ஏ-வையும் எஃப்.எச்.ஏ-வையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மாதத்துக்கு ஏழு டாலர்தான் வித்தியாசம். அந்த ஏழு டாலருக்காக 8,400 டாலரைக் கையிலிருந்து கொடுக்கிறீர்கள். கிரீன் கார்டோ குடியுரிமையோ இருந்து, வருமானமும் வரம்புக்குள் இருக்கும் குடும்பத்துக்கு, மேடிசன் கவுண்டியில் யு.எஸ்.டி.ஏ-தான் முதல் தேர்வு என்று நான் சொல்வது இதனால்தான். கொஞ்சம் தாமதமாகும் என்பதற்காக அதை விட்டுவிட்டு எஃப்.எச்.ஏ-க்குத் தள்ளும் லோன் ஆபீசர் தன் வசதியைப் பார்க்கிறார். அந்த 8,400 உங்கள் கணக்கிலேயே இருக்கட்டும், மோட்டாருக்கும் செப்டிக்குக்கும் தேவைப்படும்.

சாதாரணக் கடனில் ஸ்கோர் 740-க்கு மேல் இருந்தால் காப்புக் கட்டணம் குறைவு, ஒரு நாள் அது நின்றும் போகும். பத்து ஆண்டுக்கு மேல் இருக்கப் போகிறவர்களும், 5 சதவீதம் போட்ட பிறகும் ஆறு மாதச் செலவுக்குக் கையில் பணம் உள்ளவர்களும் இதை அரசுக் கடன்களுக்கு முன்னால் வைக்கலாம். இருபது சதவீதம் போடும் அளவுக்குச் சேமிப்பு இருந்தால் யு.எஸ்.டி.ஏ-வே உங்களை அந்தப் பக்கம் போகச் சொல்லக்கூடும்.

## வீடும் நிலமும் ஒத்துவருமா

இங்கேதான் கிராமப்புறக் கடன்கள் அதிகம் உடைகின்றன.

கோழிக் கொட்டகைகளிலிருந்து தொடங்குகிறேன். இந்தப் பகுதியில் கோழி வளர்ப்பு பெரிய தொழில், டைசன் நிறுவனத்தின் தலைமையகம் பக்கத்து ஸ்பிரிங்டேலில். பல மனைகளில் நீளமான கோழிக் கொட்டகைகள் வீட்டோடு சேர்ந்து விற்பனைக்கு வரும். வருமானம் ஈட்டும் பண்ணைக் கட்டடங்கள் உள்ள சொத்தை யு.எஸ்.டி.ஏ ஏற்காது. நான்கு ஆடு கட்ட ஒரு கொட்டில், சாமான் வைக்க ஒரு ஷெட் என்றால் பிரச்சினை இல்லை. ஓடிக்கொண்டிருக்கும் கோழிப் பண்ணை என்றால் எஃப்.எச்.ஏ-வும் வி.ஏ-வும் கூடத் தயங்கும், அதற்கு விவசாயக் கடன் தரும் அமைப்புகளிடம் போக வேண்டும். நிலத்தின் அளவுக்கு யு.எஸ்.டி.ஏ நிர்ணயித்த உச்சவரம்பு இல்லை. ஆனால் அந்த வட்டாரத்துக்கு வழக்கமானதாகவும், முதன்மையாக வருமானத்துக்கானதாக இல்லாமலும் இருக்க வேண்டும்.

அடுத்தது தண்ணீர். ஓசார்க் நிலம் சுண்ணாம்புக் கல். மேல்மண் மெல்லியது, பாறையில் விரிசல்களும் குகைகளும். மேலே மேய்ச்சல் நிலத்தில் கொட்டும் கோழி எரு, பக்கத்து செப்டிக்கின் கசிவு, எல்லாம் அதிகம் வடிகட்டப்படாமலே நிலத்தடி நீருக்குப் போய்ச் சேரலாம். கிணற்று நீரைக் கடன் திட்டம் கேட்டாலும் கேட்காவிட்டாலும் ஆய்வகத்தில் சோதித்துவிடுங்கள், பாக்டீரியாவோடு நைட்ரேட்டையும் சேர்த்து. கைக்குழந்தை உள்ள வீட்டில் நைட்ரேட் சோதனையைத் தள்ளிப்போடவே கூடாது.

எஃப்.எச்.ஏ இதில் அடிக்கணக்கு வைத்திருக்கிறது. கிணறு செப்டிக் டேங்கிலிருந்து 50 அடி, கழிவுநீர் நிலத்தில் இறங்கும் இடத்திலிருந்து 100 அடி தள்ளி இருக்க வேண்டும், உள்ளூர் விதி அனுமதித்தால் இந்த 100 அடி 75 ஆகலாம். பழைய வீடுகள் பல இதில் தோற்கும். யு.எஸ்.டி.ஏ மாநில, உள்ளூர் சுகாதார விதியைப் பின்பற்றுகிறது. வி.ஏ நீர்ச் சோதனையும், இந்தப் பகுதியில் கரையான் சோதனையும் கேட்கும். மெல்லிய மண்ணில் புது செப்டிக் அமைக்க இடமே கிடைக்காமல் போவதுண்டு, அதனால் பழைய செப்டிக்கைத் திறந்து பார்க்காமல் வாங்காதீர்கள். பம்ப் செய்யும் ஆளையே கூப்பிட்டுச் சோதிக்கச் சொன்னால் போதும், அந்தச் செலவு வீண் போகாது.

அப்புறம் வழி. கவுண்டி ரோட்டிலிருந்து வீட்டுக்குப் போகும் பாதை இன்னொருவர் நிலத்தில் போகிறதா? அப்படியென்றால் பதிவு செய்த நிரந்தர வழியுரிமைப் பத்திரம் வேண்டும். "அறுபது வருடமாக இப்படித்தான் போகிறோம்" என்ற பேச்சைக் கடன் கொடுப்பவர் ஏற்கமாட்டார்.

வெள்ளம்: வார் ஈகிள் ஓடை, கிங்ஸ் ஆறு, வைட் ஆற்றின் மேல்பகுதி எல்லாம் இந்தக் கவுண்டியில்தான் ஓடுகின்றன. ஆற்றங்கரை வீடு அழகாக இருக்கும். வீடு வெள்ள அபாயப் பகுதிக்குள் வந்தால் மேற்சொன்ன எல்லாக் கடனுக்கும் வெள்ளக் காப்பீடு கட்டாயம். அந்தப் பிரீமியம் மாதத் தவணையில் ஏறி, 29 சதவீதக் கணக்கையே கவிழ்க்கலாம். சூறாவளியும் ஆலங்கட்டி மழையும் உள்ள மாநிலம் என்பதால் சாதாரண வீட்டுக் காப்பீடும் ஆர்கன்சாவில் மலிவில்லை. தீயணைப்பு நிலையம் எத்தனை மைல் என்பதைப் பொறுத்தும் விலை மாறும். விலை பேசுவதற்கு முன்பே காப்பீட்டு விலையைக் கேட்டு வாங்குங்கள்.

மதிப்பீடு பேசிய விலையைவிடக் குறைவாக வந்தால்? எஃப்.எச்.ஏ-விலும் வி.ஏ-விலும் முன்பணத்தை இழக்காமல் விலகும் உரிமை ஒப்பந்தத்திலேயே கட்டாயம். யு.எஸ்.டி.ஏ-வில் அப்படி ஒரு கட்டாய வாசகம் இல்லை, உங்கள் ஏஜென்டிடம் சொல்லி நீங்களே சேர்க்க வேண்டும்.

## சீக்கிரம் விற்க வேண்டி வந்தால்

பூஜ்ய டவுன் பேமென்டின் மறுபக்கம் இது. மேலே சொன்ன யு.எஸ்.டி.ஏ கடனில் மூன்று ஆண்டு ஒழுங்காகக் கட்டிய பிறகும் சுமார் 233,700 டாலர் பாக்கி இருக்கும். விலை ஏறாமல் அதே 240,000-க்கு விற்று, விற்பனைச் செலவு 6 சதவீதம் போனால் கைக்கு வருவது 225,600. எட்டாயிரம் டாலர் கையிலிருந்து போட்டுத்தான் வெளியே வர முடியும். வி.ஏ-விலும் இதே கதைதான். வேலை மாறினால் மாநிலமே மாற வேண்டியவர்கள், இரண்டு மூன்று ஆண்டில் டல்லாஸுக்கோ சியாட்டிலுக்கோ போகலாம் என்று நினைப்பவர்கள், எந்தக் கடனிலும் இப்போது இங்கே வாங்காமல் வாடகையில் இருப்பது மேல்.

எஃப்.எச்.ஏ, வி.ஏ கடன்களுக்கு விற்கும்போது ஒரு பலம் உண்டு. வாங்குபவர் தகுதியானவராக இருந்தால் உங்கள் கடனை அதே வட்டியில் ஏற்றுக்கொள்ளலாம். இதைத் திருப்பியும் யோசியுங்கள்: 2020, 2021-இல் 3 சதவீத வட்டியில் எஃப்.எச்.ஏ எடுத்தவர் இப்போது விற்கிறார் என்றால், அந்தக் கடனை நீங்கள் ஏற்க முடியுமா என்று கேளுங்கள். விலைக்கும் பாக்கிக்கும் உள்ள வித்தியாசத்தை ரொக்கமாகத் தர வேண்டியிருக்கும். அந்தப் பணம் இருப்பவர்களுக்கு இன்றைய வட்டியில் புதுக் கடன் எடுப்பதைவிட இது பல மடங்கு லாபம்.

## லோன் ஆபீசரிடம் போகும்போது

யு.எஸ்.டி.ஏ கடன் கொடுத்துப் பழக்கமுள்ள வங்கியா என்று முதலில் கேளுங்கள். சென்ற ஆண்டு எத்தனை கொடுத்தீர்கள் என்று கேட்டால் பதிலிலேயே தெரிந்துவிடும். டவுன் பேமென்டுக்கு ஆர்கன்சா மாநில வீட்டு நிதி அமைப்பின் உதவிக் கடன் உண்டா என்பதையும் கேளுங்கள், எஃப்.எச்.ஏ-வோடு அதைச் சேர்க்கலாம், ஆனால் அதுவும் திருப்பிக் கட்ட வேண்டிய கடன் என்பதை மாதக் கணக்கில் சேர்த்துப் பாருங்கள்.

ஒரே நாளில், ஒரே வீட்டுக்கு, யு.எஸ்.டி.ஏ-வுக்கும் எஃப்.எச்.ஏ-வுக்கும் தனித்தனியாக லோன் எஸ்டிமேட் (வட்டியும் கட்டணங்களும் எழுதிய மதிப்பீட்டுத் தாள்) கேளுங்கள். விண்ணப்பித்த மூன்று வேலை நாளுக்குள் அவர்கள் தந்தாக வேண்டும். குறைந்தது இரண்டு வங்கிகளிடம் வாங்குங்கள். 45 நாளுக்குள் எத்தனை வங்கிகள் வீட்டுக் கடனுக்காக உங்கள் கிரெடிட்டைப் பார்த்தாலும் ஸ்கோருக்கு ஒரே விசாரணையாகத்தான் கணக்காகும், அந்தப் பயம் வேண்டாம். கைக்கு வந்த தாள்களில் வட்டிக்கு முன்னால் இரண்டாம் பக்கத்துக் கட்டணங்களையும், குளோசிங் நாளில் நீங்கள் கொண்டுவர வேண்டிய மொத்தத் தொகையையும் பாருங்கள். அந்தத் தொகையை உங்கள் சேமிப்பிலிருந்து கழித்தால் வருவதுதான் இரண்டாவது கேள்விக்கான விடை.